‘டிஜிட்டல் சன்சத்’ சேவை: அவையின் நேரத்தை வகுப்பது யார் என்று தேடும் வாசகருக்கான மதிப்புரை

ஒரு மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது என்ற செய்தி மறுநாள் காலை எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அது எந்த நாளில் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும் என்று முடிவெடுத்தவர் யார், அதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டது, குழுவின் ஆய்வுக்கு அது அனுப்பப்பட்டதா, அனுப்பப்பட்டிருந்தால் அந்தக் குழுவுக்கு என்ன அதிகாரம் இருந்தது என்பவை செய்தியில் அரிதாகவே இடம்பெறுகின்றன. இவற்றைத் தெரிந்துகொள்ள விரும்பும் குடிமகனுக்கு இன்று இருக்கும் முதன்மையான வாயில், மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் பொதுவாக அமைந்த ‘டிஜிட்டல் சன்சத்’ என்னும் இணையதளமும் செயலியும், அவற்றோடு இணைத்துப் பயன்படுத்த வேண்டிய சன்சத் தொலைக்காட்சியும், மக்களவையின் மின்னூலகமும் ஆகும். உறுப்பினர் விவரம், கேள்வி பதில் போன்ற மற்ற வசதிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, சட்டமியற்றும் அலுவலின் நேரமும் குழுக்களின் அதிகாரமும் எப்படித் தீர்மானிக்கப்படுகின்றன என்ற ஒரே கேள்வியைக் கொண்டு இந்தச் சேவையை எடைபோடுவதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

முதலில் சொல்ல வேண்டியது, இது முழுக்க இலவசம் என்பது. ஆவணங்களைப் படிக்கப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. அவை கூடும் ஒவ்வொரு நாளுக்கும் அலுவல் பட்டியல், அதில் மாற்றம் இருந்தால் துணை அலுவல் பட்டியல், நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லும் புல்லட்டின் முதல் பகுதி, உறுப்பினர்களுக்கான அறிவிப்புகளைக் கொண்ட இரண்டாம் பகுதி, விவாதத்தின் சுருக்கம், சொல்லுக்குச் சொல் எழுதப்பட்ட விவாதப் பதிவு, அறிமுகப்படுத்தப்பட்ட வடிவிலும் நிறைவேறிய வடிவிலும் மசோதாக்கள், குழுக்களின் அறிக்கைகள் என்று ஏறக்குறைய எல்லாமே பிடிஎஃப் வடிவில் கிடைக்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு இவற்றில் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் பெரிய நூலகம் இருக்கும் நகரத்தில் இருந்தாக வேண்டும். அச்சான பிரதி வந்து சேரும் வரை காத்திருக்கவும் வேண்டும். இன்று திருநெல்வேலியில் இருக்கும் ஒரு சட்டக் கல்லூரி மாணவி, தில்லியில் இருக்கும் செய்தியாளர் படிக்கும் அதே தாளை அதே நாளில் படிக்க முடிகிறது. இந்தச் சேவையின் குறைகளைப் பற்றிப் பேசும்போதும் இதை மறந்துவிடக் கூடாது.

ஒரு சேவையை அறிய அதைக் கொண்டு ஒரு வேலையைச் செய்து பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது, 2024 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் அறிமுகமான வக்ஃபு திருத்த மசோதாவின் பாதை. அந்த மசோதாவின் உள்ளடக்கம் சரியா தவறா என்பது இங்கே பேச்சல்ல. அண்மைக் காலத்தில் குழுவின் அதிகாரம், அவையின் நேரம் ஆகிய இரண்டைப் பற்றியும் ஒரே மசோதாவில் இவ்வளவு வெளிப்படையான வாக்குவாதம் நடந்தது அரிது என்பதால்தான் அதைத் தேர்ந்தேன்.

அறிமுகமான மறுநாளே மசோதா நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 உறுப்பினர்கள்; தலைவர் ஜகதாம்பிகா பால். குளிர்காலக் கூட்டத்தொடரின் முதல் வாரத்தின் கடைசி நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. பிறகு 2025 பட்ஜெட் கூட்டத்தொடரின் கடைசி நாள் வரை அது நீட்டிக்கப்பட்டது. இதுவரையிலான தகவல் முழுவதையும் இந்தச் சேவையில் எளிதாகத் தொடர முடிகிறது. குழுவை அமைக்கும் தீர்மானம், கெடுவை நீட்டிக்கும் தீர்மானம் என எல்லாமே அவையில் முன்மொழியப்பட்டவை. அவையில் நடந்தவை இங்கே பதிவாகியிருக்கின்றன.

இதற்குப் பின்புதான் சேவையின் வரம்பு தெரியத் தொடங்குகிறது. 2025 ஜனவரி 24 அன்று நடந்த குழுக் கூட்டத்தில் ஆ. ராசா, எம்.எம். அப்துல்லா உள்ளிட்ட 10 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அன்றைய கூட்டத்திலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டது, திருத்தங்களைப் படிக்க அவகாசம் தரப்படவில்லை என்பது அவர்களுடைய புகார். கூட்டத்தை நடத்தவிடாமல் தடுத்தார்கள் என்பது மறுதரப்பின் புகார். நாடு முழுவதும் அன்று பேசப்பட்ட இந்த நிகழ்வைச் சொல்லுக்குச் சொல் அறிய வாசகருக்கு வழி இல்லை. நாடாளுமன்றக் குழுக்களின் கூட்டங்கள் மூடிய கதவுகளுக்குள் நடக்க வேண்டும் என்பதும், அறிக்கை அவையில் வைக்கப்படும் வரை சாட்சியமும் நடவடிக்கைகளும் கமுக்கமானவை என்பதும் மக்களவை விதிகள். ஆகவே இது இணையதளத்தை அமைத்தவர்களின் தவறு அல்ல. ஆனால், ஒரு சேவை எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், அதற்குள் எதைப் போட விதி அனுமதிக்கிறதோ அதைத்தான் அது தர முடியும் என்பதை வாசகர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

ஜனவரி 29 அன்று குழு பெரும்பான்மை வாக்கால் அறிக்கையை ஏற்றது. பிப்ரவரி 13 அன்று அது இரு அவைகளிலும் வைக்கப்பட்டது. இந்த நாளின் விவாதப் பதிவை யாரும் தவறவிடக் கூடாது. தங்களுடைய மாற்றுக் கருத்துக் குறிப்புகளின் பகுதிகள் நீக்கப்பட்டுவிட்டன என்று எதிர்க்கட்சிகள் மாநிலங்களவையில் எழுந்தன. அரசுத் தரப்பு அதை மறுத்தது. அதே நாளில், விடுபட்டதாகச் சொல்லப்பட்ட பகுதிகளுக்கான திருத்தப் பிற்சேர்க்கையும் அவையில் வைக்கப்பட்டது. மாற்றுக் கருத்துக் குறிப்பு நிதானமான, நாகரிகமான மொழியில் இருக்க வேண்டும், குழுவுக்குள் நடந்த விவாதத்தைக் குறிப்பிடக் கூடாது, குழுவின் மீது பழி சுமத்தக் கூடாது என்று விதி சொல்கிறது. அந்த விதியையும் அன்றைய விவாதத்தையும் அறிக்கையின் பிற்சேர்க்கையையும் மூன்று சாளரங்களில் திறந்து வைத்துப் படித்தால், ‘குழுவின் அதிகாரம்’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது நடைமுறையில் குழுத் தலைவரின் அதிகாரமாகவும் குழுப் பெரும்பான்மையின் அதிகாரமாகவும் எப்படிப் பிரிகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. இந்த மூன்றும் ஒரே இணையதளத்தில் கிடைக்கின்றன என்பதற்காக இந்தச் சேவைக்கு நான் உயர்ந்த மதிப்பெண் தருவேன்.

அடுத்தது நேரம். ஏப்ரல் 1 அன்று மக்களவையின் அலுவல் ஆய்வுக் குழு கூடியது. மசோதாவுக்கு 8 மணி நேரம் என்று முடிவானது. எதிர்க்கட்சிகள் 12 மணி நேரம் கேட்டு வெளிநடப்புச் செய்தன. சபாநாயகரின் தலைமையில் 15 உறுப்பினர்களுக்கு மிகாமல் அமையும் இந்தக் குழு 1952 ஜூலையில், முதல் மக்களவைச் சபாநாயகர் மாவலங்கர் காலத்தில் தொடங்கப்பட்டது. எந்த அரசு அலுவலுக்கு எவ்வளவு நேரம் என்று பரிந்துரைப்பதே இதன் வேலை. நாடாளுமன்றத்தின் மிக விலைமதிப்புள்ள பொருளான நேரத்தைப் பங்கிடும் இடம் இதுதான். ஆனால் இதன் அறிக்கை, நான் பார்த்த குழு அறிக்கைகளிலேயே மிகக் குறுகியது. அலுவலின் பெயர் ஒரு பக்கம், மணிக் கணக்கு மறுபக்கம். யார் எத்தனை மணி கேட்டார்கள், ஏன் மறுக்கப்பட்டது என்ற ஒரு வரிகூட அதில் இல்லை. வெளிநடப்பைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் அறையை விட்டு வெளியே வந்தவர்கள் செய்தியாளர்களிடம் சொன்னதுதான்.

இந்த இடத்தில் விதிப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்; அதுவும் அதே தளத்தில் இருக்கிறது. அலுவல் ஆய்வுக் குழுவின் அறிக்கையை ஏற்கும் தீர்மானம் அவையில் முன்மொழியப்படும்போது, அறிக்கையை மீண்டும் குழுவுக்கே திருப்பியனுப்பக் கோரும் திருத்தத்தை ஓர் உறுப்பினர் கொண்டுவரலாம் என்று விதி அனுமதிக்கிறது. அந்த விவாதத்துக்கு அரை மணி நேரம் மட்டுமே தரப்படுகிறது என்றாலும், நேர ஒதுக்கீட்டைப் பற்றித் திறந்த அவையில், பதிவில் இடம்பெறும் வகையில் பேச உறுப்பினருக்கு இருக்கும் வாய்ப்பு அது. வெளிநடப்பு தொலைக்காட்சியில் ஒரு நிமிடம் வரும்; திருப்பியனுப்பும் திருத்தம் விவாதப் பதிவில் நிலைத்து நிற்கும். நம் உறுப்பினர்கள் இரண்டாவதைக் கூடுதலாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏப்ரல் 2ஆம் தேதியின் விவாதப் பதிவுதான் இந்தச் சேவையின் சிறந்த பகுதிக்கு எடுத்துக்காட்டு. அமைச்சர் கிரண் ரிஜிஜு மசோதாவைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளக் கோரிய கட்டத்திலேயே, கொல்லம் தொகுதி உறுப்பினர் என்.கே. பிரேமச்சந்திரன் அவை விதி மீறப்படுகிறது என்று முறையிடும் ‘ஒழுங்குப் பிரச்சினை’ ஒன்றை எழுப்பினார். கூட்டுக் குழுவிடம் மசோதாவை ஆராயும்படி அவை சொன்னதே தவிர, புதிய பிரிவுகளைச் சேர்க்கும் அதிகாரத்தைத் தரவில்லை. அப்படியிருக்க, குழு திருத்தி அனுப்பிய வடிவத்தை அவை எப்படி எடுத்துக்கொள்ள முடியும் என்பது அவருடைய வாதம். உள்துறை அமைச்சர் அமித் ஷா, குழுவின் பரிந்துரைகள் அமைச்சரவையில் பரிசீலிக்கப்பட்டு அதன் ஒப்புதலோடு வந்தவை என்றும், குழு வேண்டும் என்று கேட்டதே எதிர்க்கட்சிகள்தான் என்றும் பதிலளித்தார். குழுவுக்குத் திருத்தும் அதிகாரம் உண்டு, முன்னுதாரணங்களும் உண்டு என்று சபாநாயகர் ஓம் பிர்லா தீர்ப்பளித்தார். சில நிமிடங்களில் முடிந்துபோன இந்த வாதத்தை நாளிதழ்கள் ஓரிரு பத்திகளில் கடந்துவிட்டன. குழு என்பது அவையின் கருவியா, அவைக்கு மாற்றா என்ற பழைய கேள்வி அந்தச் சில நிமிடங்களில் இருந்தது. அதை முழுதாகப் படிக்க விவாதப் பதிவைத் தவிர வேறு இடம் இல்லை.

பதிவின் அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உரைகளுக்கு இடையே நேரக் குறிப்புகள் இருக்கின்றன. தலைமை இருக்கையில் ஒருவர் எழுந்து இன்னொருவர் அமர்ந்தால் அதுவும் குறிக்கப்படுகிறது. கூச்சல் எழுந்த இடங்களில் ‘குறுக்கீடுகள்’ என்ற சொல் அடைப்புக்குள் வருகிறது. அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொற்களுக்குப் பதிலாக உடுக்குறி (*) மட்டும் நிற்கிறது. அந்த இரவின் நேரக் குறிப்புகளைப் பின்தொடர்ந்தால், 8 மணி நேரமாக ஒதுக்கப்பட்ட விவாதம் நள்ளிரவைக் கடந்து நீண்டதையும், அதிகாலை 2 மணியளவில் 288 ஆதரவு, 232 எதிர்ப்பு என்ற வாக்கில் மசோதா நிறைவேறியதையும், அதற்குப் பிறகு, அந்த நேரத்தில், மணிப்பூரில் குடியரசுத் தலைவர் ஆட்சியை ஏற்கும் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட்டதையும் காணலாம். பிப்ரவரி 13 அன்று பிறப்பிக்கப்பட்ட அந்த ஆணைக்கு இரண்டு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டியது அரசமைப்புச் சட்டத்தின் 356ஆவது பிரிவின் கட்டாயம். கூட்டத்தொடரோ முடியும் தறுவாயில் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக எரிந்துகொண்டிருந்த ஒரு மாநிலத்தைப் பற்றிய விவாதம், நாடு உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக நடந்து முடிந்தது. அலுவலை எந்த நேரத்தில் வைப்பது என்பது வெறும் நிர்வாக ஏற்பாடு என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும். மறுநாள் மாநிலங்களவை காலை 11 மணிக்குத் தொடங்கி அடுத்த நாள் அதிகாலை 4 மணி வரை, 17 மணி நேரத்துக்கு மேல் அமர்ந்து, 128க்கு 95 என்ற வாக்கில் வக்ஃபு மசோதாவையும், பின்னர் மணிப்பூர்த் தீர்மானத்தையும் நிறைவேற்றியது.

அமைச்சகங்களின் வேலையைத் தொடர்ந்து ஆராயும் துறைவாரி நிலைக்குழுக்களைப் பற்றிய பகுதியில் சேவையின் தரம் சீரானது. உறுப்பினர் பட்டியல், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள்கள், அறிக்கைகள், அந்த அறிக்கைகள் மீது அரசு எடுத்த நடவடிக்கை பற்றிய அறிக்கைகள் ஆகியவை குழுவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இரு அவைகளும் 1993 மார்ச் 29 அன்று ஏற்ற விதிகளின்படி 17 குழுக்களாகத் தொடங்கி, 2004இல் 24 ஆன அமைப்பு இது. இவற்றின் விதிகளில் மூன்று இடங்களை அடிக்கோடிட்டுப் படிக்கலாம்: அன்றாட நிர்வாக விஷயங்களுக்குள் குழு போகக் கூடாது, மசோதாவைக் குழு தானாக எடுத்துக்கொள்ள முடியாது, சபாநாயகரோ மாநிலங்களவைத் தலைவரோ அனுப்பினால்தான் உண்டு, குழுவின் அறிக்கைக்கு அறிவுரை என்ற மதிப்பு மட்டுமே உண்டு. ஆட்களையும் தாள்களையும் வரவழைக்கும் அதிகாரம் குழுவுக்கு இருந்தாலும், ஓர் ஆவணத்தைத் தருவது நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஊறு என்று சொல்லி அரசு மறுக்கலாம் என்ற விதிவிலக்கும் சேர்ந்தே இருக்கிறது. 2021 ஜூலையில் தகவல் தொழில்நுட்பத்துக்கான நிலைக்குழு பெகாசஸ் உளவு மென்பொருள் தொடர்பாகக் கூடவிருந்த நாளில், ஆளுங்கட்சி உறுப்பினர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடாததால் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் போனது; அழைக்கப்பட்டிருந்த அமைச்சக அதிகாரிகளும் வரவில்லை. அதிகாரம் தாளில் இருப்பதற்கும் கையில் இருப்பதற்கும் உள்ள தூரத்தை அந்த ஒரு நாள் காட்டியது.

‘அனுப்பினால்தான் உண்டு’ என்ற விதியின் விளைவை எண்ணிக்கையாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு டிஜிட்டல் சன்சத் போதாது. 2005இல் தொடங்கப்பட்ட, கட்சிச் சார்பற்ற பிஆர்எஸ் சட்டமன்ற ஆய்வு நிறுவனத்தின் தளத்துக்குத்தான் போக வேண்டும். அவர்கள் தொகுத்த கணக்குப்படி, 15ஆவது மக்களவையில் குழுக்களுக்கு அனுப்பப்பட்ட மசோதாக்கள் 71 சதவீதம்; 16ஆவது மக்களவையில் ஏறத்தாழ கால்வாசி; 17ஆவது மக்களவையில் 16 சதவீதம். அரசின் தளத்தில் ஒவ்வொரு மசோதாவாகத் திறந்து எண்ணினால் இந்தக் கணக்கை நாமே சரிபார்க்க முடியும், ஆனால் தளம் தானாக அதைச் சொல்வதில்லை. மசோதாவின் சுருக்கம், குழு அறிக்கையின் சாரம், பிரிவுவாரியான கேள்விகள் ஆகியவற்றிலும் பிஆர்எஸ் தளம் முன்னால் நிற்கிறது. மூல ஆவணத்துக்கு ஒன்று, அதைப் புரிந்துகொள்ள மற்றொன்று என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

பெரும்பான்மையின் விருப்பத்தை மீறி ஒரு மசோதாவைக் குழுவுக்கு அனுப்ப முயன்ற உறுப்பினர்களின் சுவட்டைத் தேடுபவர்களுக்கு மாநிலங்களவைப் பதிவுகள் வளமானவை. அவற்றில் தமிழ்நாட்டு உறுப்பினர்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 2019 ஜனவரியில், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத இடஒதுக்கீட்டு அரசமைப்புத் திருத்த மசோதா 8ஆம் தேதி மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. மாநிலங்களவையின் கூட்டத்தொடர் ஒரு நாள் நீட்டிக்கப்பட்டு 9ஆம் தேதி அங்கே எடுத்துக்கொள்ளப்பட்டது. அப்படி நீட்டித்ததே அன்று காலை வாக்குவாதப் பொருளானது. மசோதாவை, அதை ஆராய்வதற்கென்றே அமைக்கப்படும் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று அப்போது மாநிலங்களவையில் இருந்த கனிமொழி கொண்டுவந்த தீர்மானம், 18 பேர் ஆதரிக்க, 155 பேர் எதிர்க்கத் தோற்றது. தோற்ற தீர்மானம்தான். ஆனால் பெயர்வாரியான வாக்குப்பதிவு கோரப்பட்டதால் யார் எந்தப் பக்கம் என்பது பெயர் பெயராக இன்றும் இருக்கிறது.

2020 செப்டம்பர் 20 அப்படி அல்ல. வேளாண் மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரும் தீர்மானங்களைத் திருச்சி சிவா உள்ளிட்டோர் தந்திருந்தார்கள். கொரோனா காலம் என்பதால் மாநிலங்களவையின் அமர்வு பகல் 1 மணியோடு முடிய வேண்டும். அதற்கு மேலும் அவை நீட்டிக்கப்பட்டபோது, விவாதத்துக்கான பதிலையும் வாக்கெடுப்பையும் மறுநாளுக்குத் தள்ள வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அமளிக்கு நடுவே தீர்மானங்கள், ‘ஆம்’, ‘இல்லை’ என்ற குரல்களைக் கேட்டு முடிவு செய்யும் குரல் வாக்கெடுப்பில் தோற்கடிக்கப்பட்டு மசோதாக்கள் நிறைவேறின. வாக்குப்பதிவு கேட்டவர்கள் இருக்கையில் இருந்தார்களா இல்லையா என்பது பின்னர் பெரிய சர்ச்சையானது. மறுநாள் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். குரல் வாக்கெடுப்பு என்பதால் பதிவில் பெயர்கள் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. அந்தச் சட்டங்கள் 2021 நவம்பர் 29 அன்று, இரு அவைகளிலும் ஒரே நாளில், விவாதமே இல்லாமல் திரும்பப் பெறப்பட்டன என்பதையும் அதே தளத்தில் படிக்கலாம். வந்தபோதும் போனபோதும் அவற்றுக்கு உரிய நேரம் கிடைக்கவில்லை.

அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகலின் கடைசி இரண்டரை மணி நேரம் மட்டுமே ஒதுக்கப்படுகிறது. விடுதலைக்குப் பின் இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன. கடைசியாக ஆனது 1970இல். 2015 ஏப்ரல் 24 அன்று, ஒரு வெள்ளிக்கிழமை, திருநர் உரிமைகளுக்கான திருச்சி சிவாவின் மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றிய விவாதத்தை மட்டுமாவது தமிழ் வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் ஓர் உறுப்பினர் அவையின் மனத்தைத் திருப்பியதை அந்தப் பக்கங்களில் நேரடியாகக் காணலாம்.

மொழியைப் பற்றிய என் மதிப்பீடு அவ்வளவு சாதகமானது அல்ல. தளம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கிறது. சொல்லுக்குச் சொல்லான மூலப் பதிவில் ஆங்கில உரைகள் ஆங்கிலத்திலும் இந்தி உரைகள் தேவநாகரியிலும் வருகின்றன. மேலே சொன்ன ஏப்ரல் 2 வாதத்தையே எடுத்துக்கொண்டால், பிரேமச்சந்திரன் எழுப்பிய கேள்வி நமக்குப் படிக்கக் கிடைக்கிறது. அமித் ஷாவின் பதிலும் சபாநாயகரின் தீர்ப்பும் இந்தி அறியாதவருக்கு எழுத்துக்கூட்டக்கூட இயலாத பத்திகளாக நிற்கின்றன. ஒழுங்குப் பிரச்சினையில் தீர்ப்புதானே முதன்மையானது? அவை நாளையொட்டி வெளியாகும் ஆங்கிலச் சுருக்கம் ஓரளவு கைகொடுக்கிறது. ஆனால் சுருக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு தீர்ப்பின் சொற்களை மேற்கோள் காட்ட முடியாது. தமிழில் நிகழ்த்தப்பட்ட உரைகள் ஆங்கில மொழிபெயர்ப்பாக, அந்தக் குறிப்போடு இடம்பெறுகின்றன. அவைக்குள் உறுப்பினர்களுக்குத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு தரும் ஏற்பாடு இருக்கும்போது, குறைந்தது சபாநாயகரின் தீர்ப்புகளையாவது தமிழில் வெளியிடுவது பெரிய கோரிக்கை அல்ல.

மக்களவைத் தொலைக்காட்சியும் மாநிலங்களவைத் தொலைக்காட்சியும் இணைந்து 2021 செப்டம்பரில் தொடங்கிய சன்சத் தொலைக்காட்சி, அவை நிகழ்வுகளை யூடியூபிலும் நேரலையாகத் தருகிறது. முழு நாள் பதிவுகளும் அங்கே இருக்கின்றன. குழுக் கூட்டங்கள் எதுவும் அதில் வராது. விவாதப் பதிவில் ‘குறுக்கீடுகள்’ என்று ஒற்றைச் சொல்லாக இருக்கும் இடத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று பார்க்க ஒளிப்பதிவு உதவும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: அமளி நேரத்தில் கேமரா பெரும்பாலும் தலைமை இருக்கையின் மீதே நிற்கும்.

மக்களவையின் மின்னூலகம் தனியே பாராட்டப்பட வேண்டியது. 1952 முதலான விவாதங்கள் மட்டுமல்ல, அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்களும், விடுதலைக்கு முந்தைய மத்திய சட்டசபை விவாதங்களும் அங்கே உள்ளன. 1950இல் மதிப்பீட்டுக் குழு முதன்முதலாக அமைந்தபோது அதன் தலைவராக இருந்த அனந்தசயனம் அய்யங்கார், 1970களின் தொடக்கத்தில் பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைமை வகித்த இரா. செழியன் போன்றவர்கள் குழுக்களின் வேலையைப் பற்றி அவையில் என்ன கருதினார்கள் என்பதை அவர்கள் வாயிலாகவே அறியலாம். பழைய பக்கங்கள் அச்சுப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்ட நிழற்படங்கள் என்பதால், பெயரையோ தேதியையோ முன்கூட்டியே தெரிந்துகொண்டு தேடுவது நல்லது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை, உரைகளிலிருந்து தொடங்காதீர்கள் என்பதே. முதலில் அன்றைய அலுவல் பட்டியலைத் திறவுங்கள். துணைப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். 2019 ஆகஸ்ட் 5 அன்று ஜம்மு காஷ்மீர் மறுசீரமைப்பு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது துணைப் பட்டியல் வழியாகத்தான். பிறகு புல்லட்டின் இரண்டாம் பகுதியில் நேர ஒதுக்கீட்டைப் பாருங்கள். அதன் பின் விவாதப் பதிவின் நேரக் குறிப்புகளோடு அதை ஒப்பிடுங்கள். ஒதுக்கியது எவ்வளவு, எடுத்துக்கொண்டது எவ்வளவு, குழுவுக்கு அனுப்பக் கோரியவர் யார், அந்தக் கோரிக்கை வாக்குப்பதிவில் தோற்றதா, குரல் வாக்கில் தோற்றதா என்பவை தெரிந்த பிறகு படித்தால் அதே உரைகள் வேறு பொருள் தரும். 2018 மார்ச்சில் அமைச்சகங்களின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைகள் எல்லாம் விவாதமின்றி, ஒரேயடியாக வாக்குக்கு விடும் கில்லட்டின் முறையில் மக்களவையில் நிறைவேறிய நாளை இந்த வரிசையில் படித்துப் பாருங்கள்; அங்கே படிக்க உரையே இருக்காது, பட்டியல் மட்டுமே இருக்கும்.

சட்டம் படிக்கும் மாணவர்கள், செய்தியாளர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், தங்கள் தொகுதி உறுப்பினர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று அறிய விரும்புபவர்கள் ஆகிய எல்லோருக்கும் இந்தச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அலுவல் ஆய்வுக் குழுவில் ஒவ்வொரு கட்சியும் எத்தனை மணி நேரம் கேட்டது என்பதை அதன் அறிக்கையிலேயே ஒரு பத்தியாகச் சேர்த்தால் போதும். அதற்குப் புதிய தொழில்நுட்பமோ புதிய இணையதளமோ தேவையில்லை, சபாநாயகரும் குழுவும் மனம் வைத்தால் அடுத்த கூட்டத்தொடரிலேயே நடக்கக்கூடியது அது.